பால்மரத்தின் வயது: கெடா தோட்ட எழுத்தில் மழையும் முதுமையும்

தைப்பூசம் முடிந்த கையோடு மலேசியாவின் வடக்கே கெடாவின் ரப்பர்க் காடுகள், தோட்டத்துப் பேச்சில் பால்மரக் காடுகள், நிறம் மாறத் தொடங்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் துருவேறிய சிவப்பாகி, சில வாரங்களில் மரங்கள் மொட்டையாக நிற்கும். தோட்டத்துக்குள் நின்று அண்ணாந்தால் வானம் முழுதாகத் தெரிவது ஆண்டில் அந்தச் சில நாட்களில்தான். பங்குனி வாக்கில் செம்பு நிறத் தளிர் வரும். பின்னாலேயே சிறு பூக்கள். ஆவணி, புரட்டாசியில் காய்கள் படீரென்று வெடித்து, புள்ளி போட்ட கொட்டைகள் பல மீட்டர் தள்ளிப் போய் விழும். தெற்கே ஜொகூரில் இந்த ஒழுங்கு இவ்வளவு தெளிவாக இராது. அங்கே மழை ஆண்டு முழுதும் பரவிப் பெய்வதால் ஒரு மரம் உதிர்க்கையில் பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். கெடாவிலும் பெர்லிஸிலும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் உண்மையாகவே வறண்டவை. காடு ஒரே மூச்சில் உதிர்க்கிறது.

கெடா தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட கதைகளையும் கவிதைகளையும் படிக்கிறவர்கள் மழையையும் வெயிலையும் இலையுதிர்வையும் பின்னணி வருணனையாக எண்ணித் தாண்டிப் போவதை விமர்சனங்களில் பார்க்கிறோம். வயதானவர்கள் வந்தால் வாழ்வின் நிலையாமை பேசப்படுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். என் வாசிப்பு வேறு. அந்த எழுத்தில் வானிலை கூலிக் கணக்கோடு பிணைந்தது. முதுமை குடியிருக்கும் வீட்டோடு பிணைந்தது. இரண்டு பிணைப்பையும் போட்டது பால்மரம். மரத்தின் நாள் ஒழுங்கையும் ஆயுளையும் தெரிந்துகொள்ளாமல் இந்த எழுத்தைப் படித்தால் பாதிதான் கைக்கு வரும்.

கெடாவின் நிலப்படத்தை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வடக்கே அலோர் ஸ்டாரைச் சுற்றி மூடா ஆற்றுப் பாசனச் சமவெளி, நாட்டின் நெற்களஞ்சியம். பெரும்பாலும் மலாய் விவசாயிகளின் நிலம். தெற்கே கோல மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு வட்டாரங்களில் ரப்பர். 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் கெடா வந்த பிறகு தோட்டங்கள் வேகமாகப் பெருகின. சுங்கை பட்டாணி, பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கோல கெட்டில் ஆகிய சிறுபட்டணங்கள் தோட்டங்களுக்குக் கடைவீதியாக வளர்ந்தவை. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை இவற்றில் பலவற்றிலிருந்து தெரியும்.

இந்தச் சிறிய நிலப்பகுதி தந்த எழுத்தாளர்களின் வரிசை வியப்பூட்டுவது. பீடோங்கில் 1940இல் ரெ. கார்த்திகேசு பிறந்தார்; அதே பீடோங்கில் 1942இல் கே. எஸ். மணியம் பிறந்தார். ஒருவர் தமிழ்ச் சிறுகதைக்கும் நாவலுக்கும் விமர்சனத்துக்கும் போனார், மற்றவர் ஆங்கில நாவலுக்கும் நாடகத்துக்கும் போனார். எம். ஏ. இளஞ்செல்வன் கெடாவிலிருந்து புதுக்கவிதை இயக்கத்தை முன்னெடுத்தார். 1949இல் பிறந்த சீ. முத்துசாமியும் கோ. புண்ணியவானும் சுங்கை பட்டாணியில் இருந்து எழுதுகிறவர்கள். அடுத்த தலைமுறையில் 1982இல் பிறந்த ம. நவீன் லூனாஸைச் சேர்ந்தவர், கே. பாலமுருகன் சுங்கை பட்டாணியைச் சேர்ந்தவர். கூலிமில் சுவாமி பிரம்மானந்த சரஸ்வதியின் தியான ஆசிரமம் நவீன இலக்கியக் கூடல்களுக்கு இடம் கொடுத்துவருகிறது. தலைநகரை விட்டு இவ்வளவு தொலைவில் இப்படி ஓர் எழுத்து வட்டாரம் நிலைத்திருப்பது மலேசியத் தமிழில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

மழைக்கு வருவோம். பால்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்க அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் குறையும். அதனால்தான் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு நான்கு, ஐந்து மணிக்கே எழும்ப வேண்டியிருந்தது. நெற்றியில் விளக்கு, இடுப்பில் கொசுவர்த்தி, கையில் உளி. ஒரு நிரையில் சில நூறு மரங்கள். வெட்டி முடித்து, பசியாறி, திரும்பப் போய் மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றிக் காண்டா என்னும் தோள்கம்பில் தூக்கி நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையை மழை இரண்டு விதமாகக் கெடுக்கும். இரவில் பெய்தால் பட்டை நனைந்திருக்கும். வெட்டினால் பால் காடியில் இறங்காமல் மரமெங்கும் வழியும். காயத்தில் பூஞ்சை பிடிக்கும். வெட்டிய பிறகு பெய்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் கரைந்து போகும். முதல் வகை மழையில் வேலை இல்லை. இரண்டாம் வகை மழையில் வேலை செய்தும் எடை இல்லை. அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டாவதுதான் கொடியது. உடம்பு உழைத்துவிட்டது, கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

மழையைக் கண்டு மகிழும் மரபு தமிழ்க் கவிதையில் மிக ஆழமானது. காவிரிக் கரையின் கவிதைக்கு மழை வரவு. முல்லைத் திணையில் கார்காலம் தலைவன் திரும்பி வரும் பருவம். இந்த நினைவுகளோடு கப்பலேறி வந்த ஒரு மக்கள் கூட்டம், மழை வந்தால் அடுப்பு யோசிக்க வேண்டிய ஒரு நிலத்தில் இறங்கியது. தோட்டத்து நாட்டுப்பாடல்களில் நெஞ்சைத் தொடுவது இந்தத் திருப்பம். இருட்டு, கொசு, அட்டை, மழை, கங்காணியின் அதட்டல் எல்லாம் அந்தப் பாடல்களில் ஒரே அடுக்கில் வரும். மழையும் கங்காணியும் ஒரே வரிசையில் நிற்பதைத் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் சட்டென்று ஏற்கமாட்டார். வெட்டுக்காட்டில் நின்றவர்களுக்கு அது இயல்பு.

தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வகுத்தது. சிறுபொழுது ஆறில் வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. அந்தப் பொழுதில் தலைவி ஊடியிருப்பாள், பரத்தையிடமிருந்து தலைவன் வீடு திரும்புவான். பால்மரக் காட்டிலும் வைகறைதான் முதன்மைப் பொழுது. ஆனால் இங்கே வைகறையில் வீட்டில் யாரும் இல்லை. கணவன், மனைவி, பதினாறு வயது மகள் எல்லாரும் காட்டில். தூங்கும் குழந்தையை இருட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஆயக்கொட்டகையில் விட்டிருப்பார்கள். ஊடலுக்கும் கூடலுக்கும் தோட்டத்துக் கதைகளில் கிடைத்த பொழுது பிற்பகல். அதுவும் துணி துவைத்து, விறகு பிளந்து, மாட்டுக்குப் புல் அறுத்த பிறகு. தோட்டச் சிறுகதைகளில் காதல் காட்சிகள் ஆற்றோரத்திலும் குழாயடியிலும் ஒட்டுப்பால் சேர்க்கும் நேரத்திலும் அவசர அவசரமாக நடந்து முடிவதை எழுத்தாளனின் கைக்குறை என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வாழ்க்கையில் மிஞ்சிய நேரமே அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஊகத்தை வைக்க விரும்புகிறேன். கெடாவில் மழை மிகுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. தீபாவளி வருவது அக்டோபரில் அல்லது நவம்பரில். வெட்டு நாட்கள் குறைந்து சம்பளம் சுருங்கும் மாதங்களில்தான் ஆண்டின் மிகப் பெரிய செலவும் வந்து நிற்கிறது. அதே பருவத்தில் கோலாலம்பூர் நாளிதழ்கள் தீபாவளி மலர்களுக்குக் கதை கேட்டு அறிவிப்புச் செய்யும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு கதை வகுப்பே நடத்தியது. சிறுகதை எழுதுவது எப்படி என்று நாளிதழ் வழியாகக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை உருவானது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் கிராணிகளும் வெட்டுத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் தீபாவளி வறுமைக் கதை ஏன் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது என்ற கேள்விக்கு, விமர்சகர்கள் பெரும்பாலும் உணர்ச்சி மிகை, பழகிய வாய்பாடு என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். புதுச்சட்டை கிடைக்காத பையன், கடன் கொடுக்காத மளிகைக்கடை, இரவெல்லாம் ஓடு மேல் கொட்டும் மழை ஆகிய மூன்றும் கதைக்குக் கதை திரும்பி வருவது உண்மைதான். ஆனால் அவை வாழ்க்கையிலும் ஆண்டுக்கு ஆண்டு, அதே வாரத்தில், ஒன்றாகவே வந்தன. வாய்பாட்டை முதலில் போட்டது பருவகாலம்.

மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மேடைகளிலும் அதற்கு வெளியிலும் பல பத்தாண்டுகள் ஒலித்ததன் பொருளும் இதுதான். மழைக்கும் இலையுதிர்வுக்கும் ஆகும் இழப்பை யார் ஏற்பது என்பதே அதன் உள்ளடக்கம். நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் தோட்டத்தில் தமிழர்கள் அருகிவிட்டார்கள்.

கெடாவின் இன்னொரு மொழி எழுத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். சீக் வட்டாரத்தில் 1933இல் பிறந்த ஷானோன் அஹ்மாட் 1966இல் வெளியிட்ட ‘ரஞ்சாவ் செப்பஞ்சாங் ஜாலான்’ மலாய் நாவல் வரலாற்றில் உச்சங்களில் ஒன்று. லாஹுமா என்னும் நெல் விவசாயி, அவன் மனைவி ஜேஹா, ஏழு பெண் பிள்ளைகள். முள் குத்திய காயம் புரையோடி லாஹுமா சாகிறான். வெள்ளம், நண்டுக் கூட்டம், தானியம் தின்னும் பறவைகள் என்று இயற்கை வரிசையாக வந்து அறைகிறது. ஜேஹாவின் மனம் பேதலிக்கிறது. கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 1994இல் இதைத் தன் நாட்டு வயல்களில் வைத்துப் படமாக்கினார். லாஹுமாவுக்கு நிலம் சொந்தம். இயற்கையும் இறைவனும் அவனும் மட்டுமே அந்த வயலில் நிற்கிறார்கள். அதனால் அந்த நாவலுக்கு ஒரு புராணத்தின் உயரம் கிடைக்கிறது. தோட்டத் தமிழ்க் கதையில் மழைக்கும் மனிதனுக்கும் இடையில் தண்டல் என்னும் மேற்பார்வையாளர் நிற்கிறார், கிராணியின் செக்ரோல் என்னும் பதிவேடு நிற்கிறது, நிறுவைத் தராசு நிற்கிறது. மழையை நோக்கி நேராக அழவோ திட்டவோ அங்கே இடமில்லை. அந்தக் கோபம் தராசு பிடிக்கிறவர் மீது போகிறது, அல்லது இரவில் கள்ளுக்கடைக்குப் போகிறது. ஷானோனின் உயரம் தமிழ்த் தோட்ட நாவலுக்கு வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டு சமூகங்களின் மழையும் ஒன்றாகிய தருணமும் உண்டு. 1974 நவம்பர், டிசம்பரில் ரப்பர் விலை வீழ்ந்து, அரிசி விலை ஏறி, தொடர்மழையில் வெட்டும் நின்றுபோக, பாலிங்கில் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். தலைநகரில் மாணவர் போராட்டமாக அது பரவியது. பால்மரத்தை நம்பியவன் எந்த மொழி பேசினாலும் மழைக்காலத்தில் அவன் வீட்டு நிலவரம் ஒன்றாகவே இருந்தது. இந்த ஒற்றுமையை முழுமையாக எடுத்துக்கொண்ட தமிழ்ப் படைப்பு எதுவும் என் வாசிப்பில் இதுவரை அகப்படவில்லை.

இனி முதுமை. பால்மரத்தை நட்ட ஆறு, ஏழாம் ஆண்டில் வெட்டத் தொடங்குவார்கள். மரத்தின் சுற்றளவில் பாதியில் சாய்வாக ஒரு கீறல். ஒன்றுவிட்டு ஒரு நாள் அதன் கீழ் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கம். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்திருக்கும், மறுபடியும் அதில் வெட்டுவார்கள். இப்படி இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள். கடைசியில் ஏணி வைத்து உயரத்தில் வெட்டுவார்கள். பிறகு மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு. முன்பு அந்த மரம் விறகாகப் போனது. 1980களுக்குப் பிறகு மேசை நாற்காலியாகி ஏற்றுமதியானது.

பதினைந்து வயதில் உளி பிடித்த ஒரு பெண், தான் வெட்டிய மரங்கள் சாய்வதைப் பார்த்து, மறுநடவுக் கன்றுகளுக்குக் களையெடுத்து, அந்தக் கன்றுகள் வெட்டுக்கு வந்த பிறகும் சில ஆண்டுகள் வேலை செய்திருப்பாள். இயற்கை மனிதனைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்ற எண்ணம் உலகக் கவிதைகளில் பொதுவானது. மலையும் ஆறும் இருக்கும், நாம் போய்விடுவோம். தோட்டத்தில் இது தலைகீழ். அவளுடைய காடு அவளுக்கு முன்னே செத்துப்போகிறது. மறுநடவுக் காலத்தில் ஒரு பக்கம் முழுக்க வெட்டவெளியாகும்போது தோட்டத்து வயதானவர்களுக்கு ஏற்படும் திகைப்பு, வேறெந்தத் தமிழ் நிலத்து இலக்கியத்திலும் வருவதற்கு வாய்ப்பில்லாத ஓர் உணர்வு. மரத்துக்கும் மனிதருக்கும் இடையில் கவிஞர்கள் அடிக்கடி போடும் ஒப்புமை, பாலைக் கொடுத்த மரம் உழைப்பைக் கொடுத்த உடல் என்பது. அது எளிதில் வந்துவிடுவது; பல கவிதைகளில் அதற்கு மேல் நகராமல் நின்றும்போகிறது. நல்ல எழுத்து அடுத்த கேள்வியைக் கேட்கிறது. மரம் சாய்ந்தால் மறுநடவு உண்டு. வெட்டியவர்களுக்கு என்ன உண்டு?

அந்தக் கேள்விக்கு விடை வீட்டில் இருக்கிறது. லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமாக இருந்தது. வேலை இருக்கும்வரை குடியிருக்க முடிந்தது. 55 வயதில் வேலை முடிந்ததும் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்தால் மட்டுமே தங்க முடிந்தது. இந்த ஒரு விதி எத்தனை பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. தாத்தா பாட்டி குடியிருக்க வேண்டும் என்பதற்காகவே பேரன் உளி பிடித்த குடும்பங்கள் உண்டு. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த சிறுதொகை ஒரு மகளின் கல்யாணத்தில் கரைந்துவிடும். உடம்பில் தெம்பு மிச்சமிருக்கும் கிழவிகள் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார்கள். கிழவர்கள் மாடு மேய்த்தார்கள், கோயில் மணி அடித்தார்கள். அவர்கள் அங்கே இருக்கலாமா என்பது அடுத்து வரப்போகும் மேனேஜரைப் பொறுத்தது.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது இந்த அச்சம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் வந்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அதுவே காரணம். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். கூலிக்கு வந்தவர்கள் நிலத்துக்குப் பங்காளிகளான நிகழ்வு நம் வரலாற்றில் எவ்வளவு பெரியது! ஆனால் புக்கிட் சிடிமுக்கு ஒரு நல்ல நாவல் இன்னும் வரவில்லை.

வீடு, முதுமை, நிலம் மூன்றையும் மிகக் கூர்மையாகச் சேர்த்தவர் ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியம். 1981இல் வந்த ‘தி ரிட்டர்ன்’ நாவல் பீடோங் மண்ணில் நடப்பது. அதில் பெரியத்தாய் என்னும் பாட்டி இந்தியாவிலிருந்து வந்து, தெருத்தெருவாகப் பொருள் விற்று, ஒரு வீட்டை ஊன்றுகிறாள். அந்த மண்ணுக்குப் பட்டா இல்லை. அவள் சாவதும் அந்தக் கவலையோடுதான். அடுத்த தலைமுறையில் நாயகனின் தந்தை நைனா தனக்கு உரிமையில்லாத ஆற்றோர நிலத்தில் ஒரு வீடு கட்டப் பிடிவாதம் கொண்டு, மனம் பிறழ்ந்து, நெருப்பில் முடிகிறார். வயதாக ஆக மனிதருக்கு நிலத்தின் மீது வரும் இந்த வெறியைத் தமிழில் எழுதிய எவரும் இவ்வளவு தூரம் கொண்டுபோகவில்லை என்பது என் எண்ணம். மணியம் 2020இல் மறைந்தார். பீடோங் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவர் எழுத்து இன்னும் அறிமுகமாகவில்லை. ஒரு முழுமையான தமிழாக்கம் கொண்டுவர வேண்டிய கடமை நம் பக்கம் நிலுவையில் இருக்கிறது.

கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ 1998இல் வந்தது. புற்றுநோய் கண்ட ஒரு முதியவரின் கடைசி நாட்களைத் தொடரும் நாவல் அது. இதில் வீட்டைப் பற்றிய பயம் இல்லை. படித்தவர், சொந்த வீடுள்ளவர். பயம் முழுக்க உடம்பிலும் உறவிலும் இருக்கிறது. மருத்துவமனை, மருந்து, வலி, பேரனின் மீதான பாசம் என்று நாவல் உள்நோக்கிப் போகிறது. ஒரே பீடோங்கில் பிறந்த இருவரின் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால், சொந்த வீடு என்ற ஒன்று கைக்கு வந்த பிறகுதான் சாவைப் பற்றித் தனியாக யோசிக்க முடிகிறது என்பது விளங்கும். கார்த்திகேசு நடுத்தர வர்க்கத்தை மட்டுமே எழுதினார் என்று அவர் மீது வைக்கப்பட்ட குறையை இந்தக் கோணத்திலிருந்து மறுபடி எடைபோடலாம். தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறை தள்ளி வந்த மலேசியத் தமிழனின் முதுமையை அவர் முதலில் எழுதினார்.

தோட்டத்து அன்றாடத்தை அதன் வாசனையோடு கொண்டுவந்தவர் என்று எல்லாரும் சீ. முத்துசாமியைச் சுட்டுவார்கள், நானும் அதையே சொல்வேன். ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டப் பேச்சே கதை சொல்லும் மொழியாகிவிட்டது. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் தஞ்சை, சேலம் வழக்குகளும் கலந்து முறுக்கேறிய அந்தப் பேச்சில், மரமும் மாடும் நாயும் பாம்பும் மனிதர்களோடு ஒரே வாக்கியத்தில் வாழ்கின்றன. அவரது சிறுகதைத் தலைப்புகளில் ஒன்று அம்மாவின் கொடிக்கயிற்றைச் சொல்வது. துணி காயப்போடும் ஒரு கயிற்றைத் தலைப்புக்கு ஏற்றுவதிலேயே அவர் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பது தெரிகிறது. மழை அதிகமுள்ள நிலத்தில் கொடிக்கயிறு சின்ன விஷயமும் இல்லை. 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது, மலேசியத் தோட்ட வாழ்வு தமிழ் வாசகப் பரப்பின் மையத்தில் பேசப்பட்டது. கோ. புண்ணியவானின் ‘கையறு’ வேறொரு மழையைக் கொண்டுவருகிறது. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதை அது. 1943இன் பருவமழையில் சேறும் காலராவும் சேர்ந்து ஆயிரமாயிரம் பேரைக் கொன்றன. அதே ஆண்டு கெடாவே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தோட்டத்துக் கிழவிகள் ‘போனவர்கள்’ என்று சொல்லிப் பெருமூச்சு விட்டது இவர்களைத்தான்.

கவிதை பற்றிச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். முரசு நெடுமாறன் 1997இல் கொண்டுவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ ஒரு நூற்றாண்டுக் கவிதையை ஓரிடத்தில் திரட்டித் தந்த அரும்பணி. பொதுவாக மரபுக் கவிஞர்கள் கெடா என்றதும் கடாரத்துக்குப் போனார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள், பட்டினப்பாலை சொல்லும் காழகம். தாழ்த்தப்பட்டுக் கிடந்த ஒரு மக்களுக்கு அந்தப் பெருமை தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜெராய் மலையை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கலங்கரை அடையாளமாகப் பார்த்த அளவுக்கு, அன்று காலை அதன் மேல் திரண்ட மேகமாக, வெட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் மேகமாகப் பார்த்த கவிதைகள் குறைவு. 1964இல் சி. கமலநாதனோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் புதுக்கவிதை, 1977இல் வந்த ‘வானம்பாடி’ வார இதழால் பரவியது. 1979இல் இளஞ்செல்வன் தொகுத்த ‘நெருப்புப் பூக்கள்’ அதற்கு நூல் வடிவம் தந்தது. கோபம்தான் அந்தக் காலத்தின் முதன்மை உணர்ச்சி, தலைப்பே சொல்கிறது. நின்று கவனிப்பது கோபத்துக்குக் கடினம். மலாய்ப் பந்துன் தன் முதல் இரண்டு அடியில் ஒரு மீனையோ செடியையோ வாழையிலையையோ வைத்துவிட்டுத்தான் மனத்துக்கு வரும். நம் சங்கக் கவிதையின் உள்ளுறைக்கும் அதற்கும் உறவு காண்பது எளிது. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு மரபு இருந்தும் தோட்டத் தமிழ்க் கவிதை அதனிடம் எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம் என்பது எனக்கு வருத்தமே.

1980களுக்குப் பிறகு காடே மாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடெங்கும் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் பரவலாக எடுத்தாளும் கணக்கு. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பீடோங்கின் ஹார்வர்டு தோட்டத்தில் 1940களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டது. அந்த வரலாற்றையும் தோட்டத்தின் பெயரையும் இன்று அதிகம் தாங்கி நிற்பவை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள்.

செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆண்டு முழுதும் ஒரே பச்சை, ஒரே நிழல், ஆண்டு முழுதும் குலை. பருவத்தை உடம்பால் அறிந்த கடைசித் தலைமுறை பால்மரத்தோடு முடிந்துவிட்டது. இதன் விளைவு எழுத்தில் தெரிகிறது. 1982இல் பிறந்தவர்களின் எழுத்தில் மாதங்கள் மங்கிவிடுகின்றன; இடங்கள் கூர்மையாகின்றன. பாலமுருகனின் சுங்கை பட்டாணி பெரும்பாலும் வீடுகளும் சந்துகளும் சிறுவர்களும் நிறைந்த பட்டணம். ம. நவீன் ‘பேய்ச்சி’யில் 1980களின் லூனாஸுக்குத் திரும்பிப் போகிறார். விஷச் சாராயம் உயிர்களைக் குடித்த அந்தப் பட்டணத்தில், செடிகொடிகளையும் கோழிகளையும் மூலிகையையும் அறிந்த ஓலம்மா என்னும் பெண்ணை மையத்தில் நிறுத்துகிறார். கம்பெனி நட்ட காட்டுக்குள் தன் கையால் ஒரு சொந்தக் காட்டை வளர்த்துக்கொண்டவள் அவள். தோட்ட இலக்கியத்தில் இயற்கை கூலியிலிருந்து விடுபட்டுத் தெய்வத்தன்மை பெறும் அரிய இடம் அது. 2019இல் வந்த அந்த நாவலை 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு தடை செய்தது. லூனாஸ் வாசகர் ஒருவர் தன் ஊரைப் பற்றிய நாவலைத் தன் ஊர்க்கடையில் வாங்க முடியாத நிலை இது.

இன்று கெடா தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர்களும் இந்தோனேசியர்களும். தோட்டத்தில் வளர்ந்த தமிழ் முதியவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கிறார்கள். மாடு வைத்துக்கொள்ள இடமில்லை. நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, போக இடமில்லை. வானிலையும் பழைய கணக்கில் வருவதில்லை. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய திடீர் வெள்ளம் யான் வட்டாரத்தைச் சூறையாடியது. 2022 ஜூலையில் பாலிங்கின் கூப்பாங் பகுதியில் அதேபோல் நடந்தது. மிச்சமிருக்கும் பால்மரங்களில் பருவம் தவறி இலை உதிர்க்கும் ஒரு பூஞ்சை நோய் அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் பரவிவருகிறது. தை, மாசி கணக்கு தெரிந்த ஒரு பாட்டியிடம் அந்த மொட்டை மரத்தைக் காட்டினால் மாதம் என்ன என்பாள்? இதை எழுதக்கூடியவர்கள் சுங்கை பட்டாணியிலேயே இருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்றும் காத்திருக்கிறது. பழைய நாளிதழ்களின் தீபாவளி மலர்க் கதைகளை ஆண்டுவாரியாகத் திரட்டி, அவற்றில் வரும் மழையையும் சம்பளத்தையும் கடனையும் குறித்து, அந்தந்த ஆண்டின் கெடா மழை அளவோடும் ரப்பர் விலையோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நான் வைத்த ஊகம் நிற்குமா, விழுமா என்பது அப்போது தெரிந்துவிடும். மழை அளவுகள் வானிலைத் துறையிடம் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கிவருகிறது. தேர்ச்சியுள்ள மாணவர் இருவர் அங்கிருந்து முன்வந்தால் கதைகளைத் தேடி எடுத்துவிடலாம். முதலில் எடுக்க வேண்டியது 1974ஆம் ஆண்டின் மலர்களை.